தங்கமீனுக்கு ஒரு தாராபாத்திரம்

போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளக் காரைக்கால் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பல் டாக்டர் காத்திருக்கச் சொல்லும் இடம் இப்போதெல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. ஏசி குளிருக்குத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் ஆறேழு தங்கமீன்கள். தொட்டிக்குக் கீழே ஏதோ ஒன்று உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு எழுதுகிற பெண்ணிடம் ஜாடையில் கேட்டேன்.

"அது தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்மா. இந்த மீனுக்குச் சூடு ஆகாது" என்றாள்.

எனக்கே சொல்கிறாள் பாருங்கள். கன்னம் வீங்கியிருந்ததால் பதில் பேச முடியவில்லை. அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டாவது வருடம். காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார அம்மா. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்பதால் தெருவே அந்த அம்மாவை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். கணவர் தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக மதராஸ் போனபோது அவர் ஒரு தங்கமீன் வாங்கி, பிளாஸ்டிக் பையோடு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாராம். தினம் காலையில் அதற்கு 'போஞ்சூர்' என்று வணக்கம் சொல்லித்தான் தீனி போடுவார். அவருக்குப் பிறகு அந்த வணக்கத்தை மதாம் சொல்லிவந்தார்.

சித்திரை மாதம், பிரான்சில் இருந்த மகளின் பிரசவத்துக்கு மதாம் கிளம்பினார். முன்கட்டைப் பூட்டுமுன் தொட்டியை எங்கள் பக்கம் தூக்கி வைக்கச் சொன்னார்.

"இது குளுந்த தண்ணி மீனுடி. அவரு கொண்டாந்ததுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான். நான் வர்ற வரைக்கும் பாத்துக்க."

கவலைப்படாமல் போய் வாருங்கள், நானாச்சு என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். வாய் மட்டும் காலேஜுக்குப் போய்விட்டு வந்திருந்தது.

முன்கட்டு தளம் போட்ட மெத்தை வீடு. எங்கள் பின்கட்டுக்கோ சிமெண்ட் ஷீட் கூரை. கத்திரி பிறந்த இரண்டாம் நாளே, மத்தியானத்தில் தொட்டித் தண்ணீர் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. தெருவில் மீன் விற்க வந்தவள் கூடையை இறக்கி எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, இதுக்கா இவ்ளோ கவல? கொழம்பு வச்சா ஒரு ஆளுக்குக் காணாது" என்றாள். 

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் போய், படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற இடத்தில் ஒரு கட்டி வாங்கி வந்தார். செத்த மீனுக்குத்தான் ஐஸ் கேட்பார்கள், நீங்கள் உயிரோடு இருப்பதற்குக் கேட்கிறீர்களே என்று ஐஸ்காரர் சிரித்தாராம். ஒட்டியிருந்த உமியைக் கழுவி, ஒரு தேங்காய்மூடி அளவு துண்டைத் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மீன் விறைத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் ஆகாது என்பது எனக்கு எங்கே தெரியும்? ஐஸை அள்ளி வெளியே எறிந்தேன். ஈசனே, அந்த மனுஷர் ஆசையாக வளர்த்ததை என் கையால் கொல்ல வைத்துவிடாதே என்று தொட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது நிமிர்ந்து வாலை ஆட்டியது. அப்படியே சிவன் கோயிலுக்கு ஓடினேன்.

கத்திரி நாளில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருப்பார்கள். அடியில் சின்னத் துளை உள்ள செப்புப் பாத்திரம் அது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து சாமியைக் குளிர்விக்கும். வருஷா வருஷம் கும்பிட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். சாமியைக்கூட அவசரப்பட்டுக் குளிர வைப்பதில்லை.

மீனுக்கு இப்படிச் செய்தால் குற்றமா என்று குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கோயில் பாத்திரத்த எடுத்துண்டு போகாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு விபூதி கொடுத்தார்.

மண்கலயம் ஒன்றின் அடியில் ஆணியால் துளை போட்டு, விளக்குத்திரியைச் செருகி, தொட்டிக்கு மேலே உறி மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். தொட்டித் தண்ணீரையே மொண்டு கலயத்தில் ஊற்றுவேன். அது மண்ணில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும். தொட்டியைச் சுற்றி நனைத்த பழைய வேட்டி. மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டால் வேட்டி சில்லென்றாகும். மணிக்கொரு தரம் மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பேன். என் மெஷின் அவ்வளவுதான். கலயத்தை யார் நிரப்புவது என்று தாய்வீட்டுத் தீமிதிக்குக்கூட நான் போகவில்லை. "மீனுக்கு அபிஷேகம் ஆயிடுச்சு. எனக்கு நைவேத்தியம் உண்டா?" என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரே வார்த்தை. காலையில் அதைச் சொல்லித்தான் தீனி போட்டேன். அக்கம்பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மதாம் திரும்பி வந்தார். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார், கலயத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து மெதுவாக 'போஞ்சூர்' என்றார். மீன் விரலுக்கு நேராக நீந்தி வந்தது.

"அவரு இருந்திருந்தா ஒனக்கு சல்யூட் அடிச்சிருப்பாருடி" என்றார். அழுதது அவரா நானா என்று இப்போது நினைவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். நாற்பது வருஷமாக மனசுக்குள் மாட்டி வைத்திருக்கிறேன்.

அந்த மீன் மேலும் மூன்று கத்திரி பார்த்தது, மூன்றும் என் கலயத்துக்குக் கீழேதான். பிறகு மதாம் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். ஐஸ்காரரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பல் பிடுங்கிய அன்று ஆட்டோவை அந்த வழியாக விடச் சொன்னேன். ஜன்னலுக்கு ஜன்னல் ஏசிப் பெட்டி. எங்கள் பின்கட்டு இருந்த இடத்தில், மேலேயிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே வெறும் சிமெண்ட் தரை.