செவலை செய்யாத தப்பு

கன்னியப்பண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். பஷீர் பாய் சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எப்போதும் மணி அடித்துக்கொண்டே வாசல் வரை வருகிறவர் அவர்.

"சின்னப்பொண்ணக்கா, அண்ணன் காலைல நாய்ங்களுக்குக் கஞ்சி ஊத்திட்டு செவுத்தோரமா ஒக்காந்தார். அப்படியே தான்."

முறத்தைக் கீழே வைத்தேன். "நாய்ங்க சாப்பிட்டுதா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"பொட்டு மட்டும் தொடலக்கா."

சாவு வீட்டுக்குப் போனால், அங்கே தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேரை எழுதி இந்தக் காகிதத்தைக் கெடுக்க மாட்டேன். மேஸ்திரி என்றால் ஆம்பூரில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். மாலையைப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்ல மனுஷன் தான். ஆனா நாய் விஷயத்துல தான் கொஞ்சம் பேஜார். தம்பியத் தேடச் சொன்னா தோலத் தேடிப் புடிச்ச நாய் ஆச்சே அவரு நாய்!"

நான்கு பேர் சிரித்தார்கள். பிணம் இன்னும் உள்ளே இருக்கிறது. யார் யார் சிரித்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஞாபகத்துக்கு வகுப்பு கிடையாது.

அவர்கள் சொன்ன அந்தத் தம்பி, என் தம்பி. அன்றைக்கு நடந்த தப்பு நாயுடையது இல்லை. கன்னியப்பண்ணனுடையதும் இல்லை. அது என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஏச்சை அவர் தன் தலையில் சுமந்தார். கருமாதிக்கு முன்னால் அதை இறக்கி வைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் கையிலும் இது போகும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் அவர் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு அலுமினியக் கரண்டி. பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. மோப்ப நாய்கள் இருந்த இடத்தில் அவற்றுக்குச் சமைத்தவர். ஊர் அதை விடுமா? 'நாய்க்குக் கஞ்சி காய்ச்சினவன்' என்று பேர் வைத்தது. டீக்கடையில் ஒருத்தன் முகத்துக்கு நேராகவே கேட்டான். அவர் கோபப்படவில்லை.

"ஆமாம்பா, கஞ்சி தான் காய்ச்சினேன். எந்த நாய்க்கு இன்னா கஷ்டம், எது எதுக்கு ஓடும், எது எதுக்கு ஒக்காரும், கஞ்சி ஊத்தறவனுக்குத் தெரியற மாதிரி கர்னலுக்குத் தெரியாது" என்றார்.

தெருவில் திரிந்த ஒரு செவலைப் பெட்டையைப் பிடித்துப் பழக்கினார். சீமை நாய் இல்லை, நம் ஊர் குப்பைமேட்டு நாய். காணாமல் போன ஆட்களைத் தேடுவதுதான் வேலை. பாலாற்றில் வெள்ளம் வந்தால், மலைக்குப் போனவர் திரும்பாவிட்டால், சுவர் விழுந்தால், கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். தோல் ஷாப்பில் வேலை பார்த்த பஷீர் பாய் கூடச் சேர்ந்தார். நாயைத் தொட்டுவிட்டுத் தொழுகைக்குப் போக முடியாது என்று தனிச் சட்டை, தனி லுங்கி, ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் வைத்திருந்தார். "கழுவிக்கத் தண்ணி கீது. போன உசிரக் கழுவி எடுக்க முடியுமா?" என்பார். இரண்டு பேர், ஒரு நாய். இவ்வளவுதான் படை.

ஊர் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை காற்றே தோல்தான். சுண்ணாம்புக் குழி, ஊறல் தொட்டி, பச்சைத்தோல் வண்டி. மனுஷ மூக்கே மரத்துப் போன ஊரில் நாய் மூக்கு என்ன செய்யும் என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி ஏழுமலை காணாமல் போனான். தோல் ஷாப்புக்காகக் கடுக்காய் பொறுக்க ஜவ்வாது மலைப்பக்கம் போனவன் மறுநாளும் வரவில்லை. விடிந்ததும் கன்னியப்பண்ணன் செவலையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, தம்பி உடுத்தின துணி ஒண்ணு குடும்மா. தொவைக்காததா வேணும்."

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அந்நியர் கையில் ஒரு துணி போகிறதென்றால் அது துவைத்து மடித்த துணியாக இருக்க வேண்டும். அழுக்குத் துணி வெளியே போனால் வீட்டுப் பெண்களின் மானம் போன மாதிரி. அதிலும் அவன் லுங்கி ஊறல் தொட்டி நாற்றம் அடிக்கும். அது மூலையில்தான் கிடந்தது. என் கண் அதைப் பார்த்தது. என் வாய், "எல்லாத்தையும் தொவைச்சாச்சுண்ணா" என்றது. வெறும் கையோடு அனுப்பக் கூடாதே என்று, அவன் தோல் ஷாப்புக்குப் போட்டுப் போகும் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லியாம்மா?" என்று இன்னொரு தரம் கேட்டார். இல்லை என்றேன். இரண்டாம் தரமும் பொய்.

தோல் ஷாப் ஆளின் செருப்பில் ஆள் வாசம் எவ்வளவு இருக்கும்? மலையடிவாரத்தில் பச்சைத்தோல் வண்டி போன தடத்தைப் பிடித்துக்கொண்டு செவலை ஓடியது. ஒரு கிடங்கின் முன்னால் போய், தோல் குவியலைப் பார்த்து உட்கார்ந்தது. ஆள் இங்கே என்பதற்கு அதன் அடையாளம் உட்காருவது, குரைக்காது. கிடங்கில் இருந்தவர் இந்த மேஸ்திரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குவியலைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மலையடிவாரத்துக்கு வருவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

செவலை தோலில் போய் உட்கார்ந்தது என்று கேட்டதும்தான் எனக்குப் புத்தி வந்தது. லுங்கியைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். முகர்ந்த நிமிஷமே செவலை மலையேறியது. ஓடைச் சரிவில் கால் முறிந்து கிடந்தான் ஏழுமலை. பஷீர் பாய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "ஒடம்பு சூடு இன்னும் போகலக்கா" என்றார். உயிர் போயிருந்தது.

அரை நாள். அந்த அரை நாள் என் கையால் போனது.

ஊர் கதையை வேறு மாதிரி கட்டியது. தம்பியைத் தேடச் சொன்னால் தோலைத் தேடியது என்று. எழவு கேட்க வந்தவர்கள் கன்னியப்பண்ணனை என் எதிரிலேயே கேட்டார்கள். நான் மூச்சு விடவில்லை. "எம் பழக்கம் பத்தல. நாய இன்னும் பழக்கணும்" என்று அவர் சொன்னார். எல்லோரும் போன பிறகு நான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"தம்பியக் குடுத்துட்டு நிக்கற. இதையும் உன் தலையில ஏத்தணுமா? நான் கஞ்சிக்காரன்மா. எனக்கு ஏச்சு பழக்கம்."

"இதுக்கு நான் இன்னா செய்யட்டும்ணா?"

"நாயப் பழக்கணும்னா ஒளிஞ்சிக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?"

அப்படித்தான் பேரன் எடுத்த வயதில் நான் கண்ணாமூச்சி ஆடப் போனேன். கரும்புத் தோட்டம், பாழ் கிணற்றுப் படி, ஆற்றுப் புதர், கடைசியில் ஊறல் தோல் அடுக்கின் பின்னால். அந்த நாற்றத்துக்குள்ளேயே மனுஷியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். "அண்ணா, நாய் கண்டுபிடிக்கறதுக்குள்ள நான் செத்துடுவேன்" என்று கத்துவேன். "சாவறவ கத்த மாட்டா, சும்மா கெட" என்பார்.

ஒரு விதி வைத்திருந்தார். கண்டுபிடித்த நாய்க்குப் பொறை ரொட்டி கொடுப்பது அவர் இல்லை, கண்டுபிடிக்கப்பட்ட ஆள். அந்த ஆளின் கையால்தான் அது தின்ன வேண்டும். இன்னொரு விதி: "ஒக்காந்த நாய சும்மா இழுத்துனு வரக் கூடாது. அது நெஜம் சொல்லுது. நாம அதப் பொய்யாக்கிட்டா, அப்புறம் அது எதுவும் சொல்லாது." துணி கேட்கும் வேலையையும் என்னிடம் விட்டார். எந்த வீட்டிலும் என்னை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. மூலையில் கிடப்பதை நானே போய் எடுத்துக்கொண்டு வருவேன்.

செவலை வயதாகிப் போய்ச் சேர்ந்தது. அதன் மகள் பொட்டு வந்தது. எண்பதுகளில் ஒரு மழைக்காலம். நான்கு நாள் அடைமழையில், பகல் பதினோரு மணிக்குத் தோல் ஷாப்பின் பின்சுவர் காயப்போடும் கொட்டகை மேல் சரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி ஆட்களை நிறுத்தித் தலை எண்ணி முடித்திருந்தார். "எல்லாத் தலையும் சரியா கீது. உள்ள யாரும் இல்ல, போங்க" என்றார்.

பொட்டு இடிபாட்டின் மேல் ஏறியது. கிழக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

"அண்ணா, ஆள் கீது" என்றார் பஷீர் பாய்.

மேஸ்திரி சிரித்தார். "தோலத் தேடிப் புடிச்ச வம்சம் தானே இது? அடியில அடுக்கின தோலு தான் கீது. மிச்சச் செவுரும் விழுந்துரும், நாய இழுத்துனு எறங்குய்யா."

கடப்பாரையோடு நின்ற ஆட்களும் சிரித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் மறைத்த பொய் ஒரு உயிரின் மேல் செங்கல்லாகக் கிடக்கிறது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். 'தப்பு நாயோடது இல்ல, நான் தான் செருப்பு குடுத்தேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். கூட்டத்தில் என் அம்மா நின்றிருந்தாள். வாய் மூடிக்கொண்டது.

கன்னியப்பண்ணன் மேலே ஏறினார். பொட்டுவின் பக்கத்தில், அதே மாதிரி, சப்பென்று உட்கார்ந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

"எம் பொண்ணு ஒக்காந்துட்டா, நானும் ஒக்காந்துட்டேன். அடியில தோலா இருந்தா, அதே தோலால என் முதுகுல அடிச்சித் தொரத்து. அது வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே கையால் கல்லை எடுக்கத் தொடங்கினார். பஷீர் பாய் ஏறினார். நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். எங்கள் நகம் பிய்வதைப் பார்த்து வெட்கப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பத்துப் பேர். ஒரு மணி நேரத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஐயோ, எம் பானை!"

கூழ் விற்கிற முனியம்மா. பின்வாசல் வழியாகக் கூழ் கொண்டு வந்தவள். வேலைக்காரி இல்லை, அதனால் மேஸ்திரியின் எண்ணிக்கையில் அவள் தலை இல்லை. தோல் அடுக்குதான் அவள் மேல் சுவர் விழாமல் தாங்கியிருந்தது. கட்டிலில் தூக்கிப் போகும் முன் கன்னியப்பண்ணன் அவள் கையில் பொறையைத் திணித்தார். "ஒரு வாய் குடுத்துட்டுப் போம்மா." பொட்டு அவள் கையை நக்கித் தின்றது.

மறு வாரம் மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னார், தோண்டச் சொன்னதே தான்தான் என்று. அதற்கும் கன்னியப்பண்ணன் சண்டைக்குப் போகவில்லை. "ஆள் பொழைச்சிச்சி இல்ல? வுடு" என்றார். அவர் விட்டார். நான் விடவில்லை.

அவர் இறந்த மறுநாள் அவர் மகள் அவருடைய துணிகளைத் துவைக்க ஊற வைக்கப் போனாள். கடைசியாக உடுத்தியிருந்த லுங்கியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "அத்தை, அழுக்குத் துணி அத்தை" என்றாள். "தெரியும்டி" என்றேன்.

மூன்றாம் நாள் பாலாற்றங்கரையில் பால் தெளிக்கப் போனோம். பொட்டுவுக்கு இப்போது ஒரு கண் தெரியாது, பின்கால் இழுக்கும். லுங்கியை முகரக் கொடுத்தேன். கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, புது மண்ணின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தது. குரைக்கவில்லை.

மேஸ்திரி அங்கும் வந்திருந்தார். "பாத்தீங்களா, பொதைச்ச ஆளத் தோண்டச் சொல்லுது. வம்சமே இப்படி. இழுத்துனு போங்க அத."

இந்தத் தரம் என் வாய் மூடவில்லை. செருப்பு, லுங்கி, மூலை, இரண்டு பொய், எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "தோலத் தேடச் சொன்னது நான்யா! நாய் நான் குடுத்ததத் தேடிச்சி! இனிமே அந்தக் கதைய எவனாவது சொன்னா, கடைசி வரி வரைக்கும் சொல்லணும். தம்பியக் கொன்னவ அக்கான்னு சொல்லணும். சொல்லுய்யா, இப்பச் சொல்லு!" மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கூழ்ப்பானையோடு வந்திருந்த முனியம்மா அவர் போன திசையில் காறித் துப்பினாள்.

பொட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டது. கூலி வர வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர் கையால் வர வேண்டும். மடியிலிருந்து பொறையை எடுத்து, அண்ணன் கை இருக்கும் இடம் பார்த்து மண்மேல் வைத்தேன்.

"நெஜம் தான் சொன்ன, பொட்டு. இங்க தான் கீறாரு."

அது மெதுவாகத் தின்று, பிறகு அந்த மண்ணை நக்கியது. நாங்கள் யாரும் அதை இழுக்கவில்லை. அது தானாக எழுந்திருக்கும் வரைக்கும், அத்தனை பேரும் வெயிலில் நின்றோம்.

அண்ணா, உங்கள் தலைச்சுமையை இறக்கியாயிற்று. இனி அது என்னுடையது. நீங்கள் கையை வீசிக்கொண்டு நடங்கள்.