சிரட்டை உயரத்துக்குப் பந்து

போன மாசம் அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சிரட்டை ஞாபகமாகவே இருக்கிறது. ரப்பர் பால் வடியக் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டைதான். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கிண்ணம். மழைத் தண்ணி நின்று கொசு வரும். அது வேறு கதை.

அவன் கேரள எல்லையில் எங்கள் பெருங்கடவிளையில் ரப்பர் வெட்டுகிறவன். என்னைவிடப் பத்து வயசு இளையவன். அடுத்த விளையில் நான் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தேன். காலையில் வெட்டு முடிந்து பாலை உறைய ஊற்றியபின், சாயங்காலம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பான். தாயில்லாத மகள், அவளுக்கு விளையாடக் கூட்டு வேண்டுமென்று தொடங்கியது. பிறகு பன்னிரண்டு பிள்ளைகள் ஆயிற்று. பால் மணம் போகாத விரலால் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டுத்தான் பந்தை எடுப்பான். வலை, கள்ளிக்காட்டு அணையில் மீன் பிடிக்கிறவர்கள் கழித்துப் போட்டது. அந்த நாற்றத்துக்கு ஒரு பூனை தினமும் வந்து கீழே உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு பிள்ளையும் குதித்தால் எட்டுகிற உயரத்தில் மரத்தில் ஒரு சிரட்டை கட்டுவான். கை தொட்டுவிட்டால் மறுநாள் சிரட்டை ஒரு விரற்கடை மேலே ஏறும். அந்தப் பன்னிரண்டு பேரில் என் மகளும் ஒருத்தி, அவளுடையதுதான் எல்லாவற்றிலும் உயரம். தன் மகளுக்கு மட்டும் அவன் சிரட்டை கட்டவில்லை. அவளுக்கு வேலை வேறு. மற்ற பிள்ளைகளின் சிரட்டை உயரத்துக்குப் பந்தைத் தூக்கிவிட வேண்டும், அவர்கள் குதித்து அடிப்பார்கள்.

"எலே, சொந்த மவளைப் போட்டு மத்தவளுக்கு வேலைக்காரி ஆக்குதியே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

என் மகள் பத்தாவது முடித்ததும் பாலராமபுரத்துத் துணிக்கடையில் வேலைக்கு விட ஏற்பாடு செய்தேன். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. விளையாட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் வீடு தேடி வந்தான்.

"அண்ணே, பாறசாலையில ஒரு மேட்ச் உண்டு. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் பிள்ளையள எடுக்க ஆளு வருது. அது வரைக்கும் அவள விடுங்க."

எடுக்காவிட்டால் மறுநாள் காலையில் கடைக்கு என்று சொன்னேன். சரி என்றான்.

மேட்ச் அன்று அவனுக்குப் புத்தி பிசகியது. வந்திருப்பது நெய்யாற்றின்கரைப் பிள்ளைகள், மலையாளம் பேசுகிறவர்கள், பந்து எங்கே போகும் என்று தமிழில் கூப்பிட்டால் தெரியாது என்று கணக்குப் போட்டான். "ஓரம்", "பின்னால" என்றெல்லாம் மகளுக்குப் பழக்கியிருந்தான். அவள் "ஓரம்" என்று கூப்பிட்டதும் எதிர்ப் பக்கத்தில் ஒருத்தி, "ஓரத்துக்காக்கும் வருது, நில்லு பிள்ளே" என்று சிரித்தாள். அவர்களில் பாதிப் பேர் நம்மைப்போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. முதல் செட் போயிற்று. நான் மனசுக்குள் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் மகளை அருகே கூப்பிட்டான். "மக்கா, எனக்க தப்பாக்கும். இனி வாயே தெறக்காண்டாம். சிரட்டைய நெனச்சுப் போடு."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பந்து ஒவ்வொன்றும் என் மகளின் சிரட்டை உயரத்துக்கே ஏறியது. அவள் குதித்த இடத்தில் பந்து நின்றது. அடுத்த இரண்டு செட்டும் ஜெயித்தார்கள்.

என் மகளை எடுத்ததாக ஹாஸ்டலிலிருந்து காகிதம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாததால் அவனே வாசித்தான். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன், வாசித்தான். அந்த விளையாட்டை வைத்தே என் மகள் இன்று போலீசில் இருக்கிறாள். அவன் மகளை யாரும் எடுக்கவில்லை. அவள் நர்ஸ் படித்துப் பக்கத்து ஆசுபத்திரியில் வேலை பார்க்கிறாள். கடைசி வரை அப்பனைக் கூடவே வைத்துப் பார்த்தாள். அவளைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அதைச் சொல்லிவிட்டேன். உனக்க அப்பா உனக்கும் ஒரு சிரட்டை கட்டியிருக்கலாம் மக்கா என்றேன்.

"சிரட்டை கெட்ட வந்தாரு மாமா. நானாக்கும் வேண்டாம்னு சொன்னது. எனக்குத் தூக்கிப் போடத்தான் இஷ்டம்."

பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அன்னைக்கு எடுக்கலேன்னா அவளக் கடைக்கு விட்டுருவீங்கன்னு தெரியும். அதான் எல்லாப் பந்தையும் அவளுக்கே போட்டேன். மத்த பிள்ளையள் மொறச்சாளுவ. அப்பாவுக்கும் தெரிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து சடைய அவிழ்க்கும்போ, கை வலிக்குதா மக்கான்னு மட்டும் கேட்டாரு."

இத்தனை வருஷமும் நான் அவன் ஒருத்தனுக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வருஷா வருஷம் முதலில் பிடுங்குகிற மரச்சீனியை அவன் வீட்டில் கொண்டு வைப்பது வழக்கம். மறுநாளும் பிடுங்கிக்கொண்டு போனேன். அப்பாதான் இல்லையே மாமா, எதுக்கு என்றாள்.

இது உனக்காக்கும் என்றேன்.