சிவசக்தியின் நூற்றெண்பது செக்கன்

சிவசக்தி "இரு" என்றால் துன்ஹிந்த அருவி பாதி உயரத்தில் நின்றுவிடும். தெமோதரை ரயில், பாலத்தின் மேலேயே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நமுனுகுல மலையில் கிடக்கும் மேகம்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கலையும் என்று பதுளை பஜாரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பது இங்கே தேவையில்லை.

இப்போதும் "இரு, இரு, ஒன்ன யாரும் வெரட்டல" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆளிடம் அல்ல. மேசையில் கிடக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிடம். காதை அதன் பக்கத்தில் சாய்த்திருக்கிறாள். உள்ளே ஏதோ டிக், டிக் என்கிறது. பக்கத்தில் இருக்கும் தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் ஆறிய தேத்தண்ணீரைத்தான் குடிப்பாள். சூடாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஹபீஸ் நானாவின் போன் கடையில், பின்சுவரை ஒட்டிய மேசை அவளுடையது. வயது முப்பத்தைந்து. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கம்பியூட்டர் கோர்ஸில் பாதி படித்தாள். மீதியைக் கெட்டுப்போன டிஸ்க்குகளே கற்றுக்கொடுத்தன. யாராவது டிஸ்க்கைக் கொண்டுவந்தால் முதல் கேள்வி, "விழுந்துச்சா? பொய் சொல்லாம சொல்லுங்க." இரண்டாவது கேள்வி, "அரிசிக்குள்ள போட்டீங்களா?" பாதிப் பேர் போட்டிருப்பார்கள். "போச்சு" என்ற சொல் அவள் வாயில் வராது. "இன்னும் பதில் வரல" என்பாள்.

இந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தவர் பொன்னையா, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோவில் கமிட்டிச் செயலாளர். திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் காம்பராவின், அதாவது குடியிருக்கும் அறையின், கதவு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுப்பது அவர்கள் கோவில் வழக்கம். திருவிழாப் புத்தகத்தில் போட. புத்தகம் அச்சேறுவதற்குள் மலை சரிந்து, அந்த அறைகள் வரிசையாக இருந்த லயத்தைக் கொண்டுபோனது. ஆட்கள் தப்பினார்கள். அடையாள அட்டையிலிருந்து ரேஷன் கூப்பன் வரை எல்லாம் மண்ணுக்குள். படங்கள் இருந்த இந்த டிஸ்க் மட்டும் அடிபட்டு மிஞ்சியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைம்மா. எந்தக் கதவுல யாரு இருந்தாங்கன்னு காட்டுனா புது வீட்டுக்குப் பேரு எழுதுவாங்களாம். பதினஞ்சு குடும்பம் தோட்டத்துப் பதிவுல இருக்கு. பதினாறாவது இராக்கம்மா. லயத்துக் கோடியில தகரம் வச்சு எடுத்துக் கட்டுன காம்பரா. அந்தப் புள்ளைக்கும் ரெண்டு குஞ்சுகளுக்கும் ஒரு பதிவும் இல்ல. இந்தப் படம் மட்டுந்தான். வேற கடையில இந்த டிஸ்க்கு செத்துப்போச்சுன்னுட்டாங்க."

"சாகல மாமா. கங்காணிதான் அவசரப்பட்டுட்டான்" என்றாள் சிவசக்தி.

கங்காணி என்று அவள் சொல்வது கர்னலை. தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு ஏவும் கங்காணிபோல, கம்பியூட்டரின் அடியில் உட்கார்ந்து யாருக்கு எந்த வேலை என்று ஏவுகிற பகுதி அது. டிஸ்க்கிடம் ஒரு துண்டுத் தகவலைக் கேட்டுவிட்டு முப்பது செக்கன் காத்திருக்கும்.

"அதுக்குள்ள வரலையா, வேணாம் திரும்பி வான்னு கத்துவான். அதுக்கும் அசையலையா, மண்டையில தட்டி மொதல்லருந்து ஆரம்பின்னுவான். கடைசில பேர வெட்டிருவான். இதுவோ அடிபட்ட டிஸ்க்கு. ஒரே எடத்தத் திரும்பத் திரும்பத் தடவிப் பாக்க ரெண்டு நிமிஷம் வேணும். பாவம், பாதித் தடவல்ல தட்டித் தட்டியே கொன்னுர்றான்."

"சரி, கொஞ்சம் பிந்தி வந்தா என்ன? வாங்கிக்கிறதுதானே?" என்று கவுண்டரிலிருந்து கேட்டார் ஹபீஸ் நானா.

"எங்க தோட்டத்துல கடுதாசி ஆபீஸ்லயே கெடந்து மூணு மாசம் கழிச்சு வரும் நானா. அதுக்குள்ள அந்தக் காம்பராவுல வேற குடும்பம் குடியிருக்கும். இவன் கடுதாசிய அவன் பிரிச்சுருவான். அதே மாதிரிதான். வேணாம்னு சொன்ன பெறகு வர்ற பதில, அந்த எடத்துல போடக் கூடாது. அங்க இப்ப வேற ஆளோட சாமான் இருக்கும். எவ்வளவு நேரம் பொறுக்கிறதுன்னு முன்னாலயே முடிவு பண்ணணும்."

ஒரு வரி தட்டினாள். முப்பது இருந்த இடத்தில் நூற்றெண்பது வந்தது.

அதற்குமேல் கொடுக்கவும் அவளுக்குப் பயம். ஒருமுறை இரக்கப்பட்டு ஒரு மணித்தியாலம் கொடுத்தாள். அந்த டிஸ்க் உண்மையாகவே செத்திருந்தது. வராத பதிலுக்காகக் கம்பியூட்டர் முழுநாளும் விறைத்து நின்றது. அதன் பின்னால் வரிசையில் நின்ற வேலைகளும் நின்றன. "இல்லன்னு பதில் வந்தாக்கூட நிம்மதி. ஒண்ணுமே சொல்லாம இருக்குறதுதான் ஆள உருக்கிரும்" என்பாள். தோட்டத்தில் விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொன்னையா தலையாட்டினார்.

இரண்டு மணிக்குள் பதினைந்து படங்கள் வந்துவிட்டன. பதினாறாவது, அடிபட்ட இடத்திலேயே மாட்டியிருந்தது. இரண்டு நிமிடம் தடவும், "இல்லை" என்னும், மறுபடி கேட்பாள்.

மூன்று மணிக்கு ஹபீஸ் நானா கையை உயர்த்தினார். "புள்ள, நாலு மணிக்கு ஷட்டர் எறக்குவேன். பண்டாரவளையில கலியாணம் ஈக்கி. மாப்புள எனக்காக நிக்க மாட்டான்."

"நானா, இத நிப்பாட்டுனா திரும்பச் சுத்தாது."

"நாலு மணி!"

ஒருமுறை சார்ஜர் எரிந்து ஒரு ராக்கையே தின்றதிலிருந்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் அவர் கடையைப் பூட்டியதில்லை. சாவியை மனைவிக்கே கொடுக்காதவர். கடையில் நாற்பது போன் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். அதனால் அவர் நம்புவது சுவர்க்கடிகாரம் ஒன்றைத்தான்.

சிவசக்தி விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். பொன்னையா சால்வையை முறுக்கினார். கடிகாரத்துக்குக் கீழே ஸ்டூலில் வெட்டியாக உட்கார்ந்து கதை கேட்பது இதை எழுதும் ஆளின் அன்றாடத் தொழில். அந்த ஆளும் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

கடையில் கூட்டம் ஏறியது. ஹபீஸ் நானா கவர் விற்றார், கண்ணாடி ஒட்டினார், இடையில் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் ஈக்கி." மறுபடி மூன்று பேருக்குக் கண்ணாடி ஒட்டினார். "பத்து நிமிஷம் ஈக்கி." மனைவி அழைத்தபோது, "நாலாகட்டுமே! என்னத்துக்கு இப்பவே கத்துற?" என்று வைத்துவிட்டார்.

டிக் சத்தம் நின்றது.

திரையில் மேலிருந்து கீழாக ஒரு படம் இறங்கியது. தகரக் கூரை. சுண்ணாம்பில் எழுதிய பதினாறு. இராக்கம்மாவின் முகம், வெயிலுக்குச் சுருங்கிய கண். இரண்டு பிள்ளைகளின் தலை. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கால் இல்லாம நிக்கிறாங்களேம்மா" என்றார் பொன்னையா.

"மொகமும் நம்பரும் வந்துருச்சு மாமா. காலோட அவங்களே நாளைக்கு நடந்து வரட்டும்."

படங்களைப் பென் டிரைவில் போட்டு அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சால்வை முனையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

"பாத்தியா புள்ள, நாலு மணிக்கு முந்தியே முடிச்சிட்ட" என்று ஹபீஸ் நானா மார்தட்டினார்.

சிவசக்தி திரையின் மூலையைப் பார்த்தாள். "நானா, மணி நாலே முக்கால். ஓடுங்க."

"யா அல்லாஹ்!" அவர் சட்டைப் பையைத் தேடினார், சாவியைத் தேடினார், முன்பக்க ஷட்டரை நோக்கிப் பாய்ந்தார்.

அவள் வயர்களைச் சுருட்டத் தொடங்கினாள். ஆறிய தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு, ஸ்டூல் பக்கம் திரும்பாமலே, உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"கடியாரத்துலருந்து கழட்டுன பேட்டரி. குடு."