பதினேழாவது கூப்பன்

அயனிவிளை ஜங்ஷனில் செல்வதாஸைப் பற்றி விசாரித்தால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். ஹார்டுவேர் கடைக்காரர், வயது ஐம்பத்தெட்டு, வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். கால் கிலோ ஆணி வாங்க வந்தவனிடம் எதற்கு, எந்தப் பலகைக்கு, யார் வீட்டு வேலை என்றெல்லாம் கேட்டு, அந்த ஆணி ஆகாது என்று வேறு ஆணி கொடுத்து அனுப்புகிற மனிதர். எதிலும் அவருக்கு முறை வேண்டும். சங்கக் கூட்டத்துக்கு வடை வாங்குவதற்கே தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கியவர். எரிச்சல் வரும்தான். ஆனால் அந்த ஜங்ஷனில் தெருவிளக்கு எரிகிறது, குலசேகரம் பஸ் நின்று போகிறது என்றால் அதற்குப் பின்னால் அவர் எழுதிய மனுக்கள் ஒரு கட்டு இருக்கும்.

ஜங்ஷனில் நாற்பத்திரண்டு கடைகள். என்ன இருந்து என்ன, ஊர் ஜனம் ஒரு ஊசி வாங்கவும் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் சங்கம் கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை வணிகத் திருவிழா நடத்த ஆரம்பித்தது. ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு கூப்பன், கடைசி ஞாயிறன்று குலுக்கல். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருடம் முதல் பரிசு கிரைண்டர், தலைவர் ஜெயசிங்கின் மருமகனுக்கு விழுந்தது. நேர்மையாகத்தான் விழுந்தது, செல்வதாஸ் கண்ணால் பார்த்தார். யார் நம்பினார்கள்? "சங்கத்துக்க கிரைண்டரு தலைவருக்க வீட்டுக்கே போச்சு" என்று பஸ் ஸ்டாப்பில் பேச்சு. அடுத்த வருடம் கூப்பனைக் கையில் வாங்கக்கூட ஆளில்லை.

இந்த முறையும் பேர் கெட்டால் திருவிழாவை மூடிவிடலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. செல்வதாஸ் இரண்டு நாள் உட்கார்ந்து விதி எழுதினார். சங்க உறுப்பினர்களும், அவர்களுடைய ரத்த உறவினரும், சம்பந்த உறவினரும் பரிசுக்குத் தகுதியற்றவர்கள். அதை ஃபிளெக்ஸில் அடித்து நாலு மூலையிலும் கட்டினார். "இனி எவனாவது வாயத் தொறக்கட்டு பாப்பம்" என்று மனைவி நேசம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஊருல ஆரு மிச்சம் இருப்பா?" என்று அவள் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

பெண் கொடுப்பதும் எடுப்பதும் மூன்று தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து விளை ஊர்களுக்குள்தான். கோவில்காரர்களுக்கும் அப்படி, சர்ச்காரர்களுக்கும் அப்படி. நல்ல மனிதர் இதைத்தான் மறந்து தொலைத்தார்.

குலுக்கல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே ஜங்ஷன் நிறைந்துவிட்டது. மேடையில் மாலை போட்ட பிரிட்ஜ் ஒன்று. செல்வதாஸ் வெள்ளைச் சட்டையில் மைக் பிடித்தார். முதல் கூப்பன், டீச்சர் சுபிதா.

"தலைவருக்க கொழுந்திக்க மவளாக்கும்!" என்று கீழேயிருந்து ஒரு குரல். ரத்து.

இரண்டாவது தாணுமாலயன். அவர் மகளைக் கட்டியவன் பேக்கரிக்காரரின் தம்பி மகன். ரத்து. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு பேருக்கும் கூட்டமே உறவு சொன்னது. இவர் அவளுக்கு மச்சான், அவள் இவனுக்குச் சித்தி. பத்தாவதுக்குப் பிறகு ஜனங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது, யார் முதலில் உறவைக் கண்டுபிடிப்பது என்று போட்டி. சிரிப்பு ஏற ஏற செல்வதாஸின் சட்டை முதுகில் ஒட்டியது. பெட்டி காலியாகிவிட்டால் அடுத்த வருடம் இந்த மேடையே இருக்காது.

பதினேழாவது கூப்பன். வேளாங்கண்ணி, கடியப்பட்டணம்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. கடற்கரையிலிருந்து வந்து, பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மதிலோரம் இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கிறவள். கிறிஸ்துமஸுக்குப் பிந்துவின் ஜவுளிக் கடையில் புடவை எடுத்திருக்கிறாள். செல்வதாஸுக்கு உயிர் வந்தது. மைக்கை வாயோடு வைத்து, "சங்கத்தில் ஒருவருக்கும் எந்த உறவும் இல்லாதவர்! எந்த உறவும் இல்லாதவர்!" என்று இரண்டு முறை முழங்கினார். கைதட்டல் பறந்தது.

வேளாங்கண்ணி மேடை ஏறினாள். பிரிட்ஜைப் பார்க்கவே இல்லை.

"பதினாறு பேருக்கு சொந்தம் பறைய ஆளு இருந்து மக்கா. எனக்கு மட்டும் ஒருத்தனும் இல்லியா?" என்றாள். மைக் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "ஒனக்க பெண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பதினோரு நாளு சாளை மீனு வெட்டிக் கழுவி ஒனக்க கையில தந்தது ஆரு? ஒனக்க மவன் எபினுக்க கல்யாணத்துக்கு நேரம் வெளுக்கும் முன்ன நெய்மீனு கொண்டு வந்தது ஆரு? எந்த உறவும் இல்லாதவருன்னு மைக்கு வச்சு விளிச்சுச் சொல்லுகியே. எனக்கு வேண்டாம் ஒங்க பிரிட்ஜு."

செல்வதாஸுக்குக் காது வரை சூடேறியது, வெட்கம்தான் அது. அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. மீன் வாங்கினோம், பேசினோம், சிரித்தோம். உறவு சொல்லும் இடத்தில் நாற்பத்திரண்டு கடைக்காரர்களில் ஒருவருக்கும் அவள் நினைவு வரவில்லையே. இப்போது உறவு என்று சொன்னால் அவர் எழுதிய விதிப்படி பரிசு போய்விடும். இல்லை என்று சொன்னால் பரிசு கிடைக்கும், அவள் மதிலோரம் உட்காருகிற அந்நியப் பெண்ணாகவே வீடு போவாள்.

ஜெயசிங் குனிந்து, "வோய், வேற கூப்பன் எடும்" என்று கிசுகிசுத்தார்.

செல்வதாஸ் எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"இவ எனக்க அக்கா" என்றார். "அக்காளுக்குத்தான் பிரிட்ஜு. விதிய எழுதினவனும் நான், இப்ப மீறுகவனும் நான். செயலாளரு சொந்த அக்காளுக்குப் பரிசு குடுத்தாருன்னு நாளைக்குப் பேசுவிய. பேசுங்க. ரத்தான பதினாறு பேருக்கும் எனக்க கூடச் சண்டை போட உரிமை உண்டு. காலையில எட்டு மணிக்குக் கடை தொறப்பேன்."

பதினோரு வருடம் ஒரு கறை படாமல் காத்த பேரை அந்த மனிதர் ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு டீச்சர் சுபிதாவின் குரல்தான் முதலில் வந்தது. "சண்டைக்கு ஒண்ணும் நான் வரல்ல சார். அக்காளுக்க வீட்டுல எறக்கிட்டு வாருங்க." தாணுமாலயன் கைதட்ட, பின்னால் ஜங்ஷன் முழுக்கத் தட்டியது. முன்பு தட்டியதைவிட இது வேறு மாதிரி இருந்தது.

வேளாங்கண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏலே, அப்ப நீயும் கூட வரணும். தம்பி வராம தனியா வருகதுக்கு அது கடைச் சாமானா?"

டெம்போவில் பிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். டிரைவர் பக்கத்தில் வேளாங்கண்ணி, அவள் பக்கத்தில் செல்வதாஸ், அவர் மடியில் அவளுடைய மீன் சட்டி. வெள்ளைச் சட்டையைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. வழி நெடுக அவள் பிள்ளைகள் கதை சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்பதை அன்றுதான் அவர் தெரிந்துகொண்டார். அதை அவளிடம் சொல்லவும் செய்தார். அவள் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனாள்.

கடியப்பட்டணத்தில் டெம்போ நின்றதும் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "ஏட்டி வேளாங்கண்ணி, குலுக்கல்ல விழுந்ததா? இது ஆரு, கடைக்காரரா?"

அவள் செல்வதாஸைப் பார்த்தாள்.

அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்படி, "அக்காளுக்குச் சீரு கொண்டு வந்தேன்" என்றார்.