தொட்டில் அறைக்கு வந்த பிள்ளை

கோவிந்தம்மாளுக்குக் கல்யாணமாகி வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருந்தது. ஆனாலும் 1984-ல் மாதனூரிலிருந்து அவள் தாவணி கட்டிக்கொண்டுதான் கம்பெனி பஸ் ஏறினாள். மெட்டியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். தாலியை ஜாக்கெட்டுக்குள் சுருட்டிப் பின் குத்திக்கொள்வாள்.

"இன்னா கோவிந்தம்மா, மறுபடியும் உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் கேட்கும்போது உடம்பே கூசும்.

அவளும் ஆசைப்பட்டா வேஷம் போட்டாள்? தோலை அப்படியே கப்பலேற்றாதே, ஷூவாகத் தைத்து அனுப்பு என்றது சர்க்கார். தோல் பதனிடும் சின்ன ஷாப்புகள் மூடின. அங்கே வேலை பார்த்த அவள் புருஷன் பரந்தாமன் வீட்டோடு உட்கார்ந்தான். ஷூ தைக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அதனாலேயே அந்த ஷூ கம்பெனி கல்யாணமாகாதவர்களாகப் பொறுக்கி எடுத்தது.

வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை வேண்டும் என்று இன்னொரு சட்டம். அறை இருந்தது, தொட்டில் இருந்தது, பிள்ளைதான் இல்லை. இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார் என்றதும் சூப்பர்வைசர் ராமமூர்த்திக்கு வேர்த்துவிட்டது.

"அக்கா புள்ள, அண்ணன் புள்ள, எதுனா தூக்கினு வாங்கம்மா. ஒரு நாளுதான்" என்று கெஞ்சினார்.

கோவிந்தம்மாள் தன் மகனையே தூக்கிக்கொண்டு போனாள். "எங்க அக்கா பையன்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். பக்கத்து மிஷின் நசீமுன்னிசா ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். "அண்ணன் புள்ள" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்த நேரம் பார்த்துப் பையன் வீறிட்டான். சத்தம் மிஷின் ஹால் வரை கேட்டது. கோவிந்தம்மாளுக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பிள்ளையோடு ஹாலுக்கே வந்துவிட்டார். "பசிக்குது போல. யாரும்மா இவன் அம்மா? வந்து பால் குடும்மா."

எழுந்தால் வேலை போகும். அவள் எழவில்லை. கையிலிருந்த தோலை மிஷினுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நசீமுன்னிசாதான் எழுந்தாள். "நான்தான் மேடம்" என்று பையனை வாங்கிக்கொண்டு தொட்டில் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. ராமமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. பால் வருகிறவள் எப்படிக் கன்னிப்பெண்ணாக இருப்பாள்?

இன்ஸ்பெக்டரின் ஜீப் போனதுமே நசீமுன்னிசாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், தோளில் தன் பெண்ணோடு.

"இது எம் பொண்ணுதான் கோவிந்தம்மா. பொய் சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காத. அந்தப் புள்ள அழுவறதக் கேட்டுனு என்னால குந்த முடியல" என்றாள். கோவிந்தம்மாளின் இடுப்பிலிருந்த பையனின் கன்னத்தைத் தொட்டாள். "எங்கள்ல ஒரே தாய்ப்பால் குடிச்சா கூடப்பொறந்ததுங்க மாதிரி. இதுங்க ரெண்டும் இனிமே அண்ணன் தங்கச்சி. உங்க அக்காகிட்ட மறக்காம சொல்லிடு."

ராமமூர்த்தி கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். கோவிந்தம்மாள் ஈரத் தாவணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சொல்றேன்" என்றாள்.