பற்றரிச் செருகியும் என் மனுசனும்

புதிதாகச் சேர்ந்த வேலையில் நான் கீறிய முதல் மின்சுற்றுப் படத்தை வைத்துச் செய்த பலகை, எங்கள் பேச்சில் 'போர்ட்', மின்சாரம் கொடுத்த கையோடு புகைந்தது. மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டி சூடேறினால் கத்துகிற சின்னக் கருவி அது. அதில் எந்தப் பாகம் எதோடு சேரவேண்டும் என்று கீறிக் காட்டுவதுதான் என் வேலை. சோதனைக் காலம் முடிய மூன்று கிழமை இருந்தது. இரண்டாவதும் புகைந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான்.

இரண்டாவதுக்குக் கீறிய படத்தில் ஒரு பிழையும் இல்லை என்றது கணினி. எனக்கு மனம் கேட்கவில்லை. பெரிய தாளில் அச்சடித்து, வெஸ்ட் ஈலிங் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்து மஞ்சள் மையால் பூசுவது எங்கள் தொழில் வழக்கம்.

என் கணவர் எலக்ட்ரீஷியன். பாரிஸில் பத்து வருடம் வயர் இழுத்துவிட்டு இங்கே வந்தவர். மேசைக்குக் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

"இதிலை பற்றரி எங்கை?"

"உங்களுக்கு உது விளங்காதப்பா. சும்மா இருங்கோ."

மனுசன் சும்மா இருந்தால்தானே! படத்தோடு நான் கொண்டுவந்திருந்த, பற்றரி வயர் பூட்டுகிற செருகியைக் கையில் எடுத்து, அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சாரும், நீர் செருகியை முன்னாலை நிண்டு பாத்துக் கீறியிருக்கிறீர். வயர் பூட்டுறவன் பின்னாலை நிண்டெல்லோ பூட்டுவான்? அவனுக்கு இடம் வலம் மாறிப் போடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏச வாயெடுத்துக்கொண்டே செருகியைத் திருப்பிப் பார்த்தேன். பிளஸ் வரவேண்டிய இடத்தில் மைனஸ். ஐயோ, முதல் போர்ட் புகைந்ததும் இதனால்தான்! கோடுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிற கணினிக்கு இது பிடிபடவில்லை. காலமெல்லாம் ஊராரின் அடுப்புக்குப் பின்னால் படுத்துக் கிடந்து வயர் பூட்டியவருக்குப் பிடிபட்டது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

திருத்திய படத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எனக்கு மனம் வரவில்லை, அதில் என் மனுசனுடைய பெயரைப் போட்டேன். மேலதிகாரி "யார் இவர்?" என்று கேட்டபோது, என் பிழை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை என்னிடம் திருப்பித் தந்து, "அடுத்த படத்தையும் அவரிடம் காட்டு" என்றார்.

இரண்டாவது போர்ட் புகையவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அன்றைக்கே சொன்னார்கள். உடனே மனுசனுக்குப் போன் எடுத்தேன். லூயிஷாமில் யாரோ ஒருவருடைய குசினியில் அடுப்புக்கு வயர் பூட்டிக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்க முதலே கேட்டார்:

"எங்கடை போர்ட் வேலை செய்யுதோ?"

எங்கடையாம்! ராத்திரி பகலாகக் கீறினது நான்.

"ஓமப்பா, எங்கடை போர்ட் வேலை செய்யுது" என்றேன்.