நண்டுப் பானையோடு பழவேற்காட்டுக்கு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு மோகனுக்காகக் காத்திருந்தோம். முன் சீட்டில் தனசேகர், பின் சீட்டில் பாஷா, ஓட்டுவதற்கு நான். வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்து வந்த மோகன், படியிறங்கும்போதே கையில் ஒரு பெரிய அலுமினியப் பானையோடு வந்தான். மூடி விழாமலிருக்கத் துண்டால் குறுக்கே கட்டியிருந்தான்.

“இன்னா மாமே, யார் ஊட்ல பால் காய்ச்சப் போற?” என்றான் தனசேகர்.

“நண்டுக்குடா இது. வசந்தா இதுலதான் வைப்பா. பிடிக்கிறத உயிரோட கொண்டாந்து சாயங்காலம் எங்க வீட்லயே குழம்பு வெச்சிடலாம். எல்லாரும் வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

வசந்தா அவன் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. அதற்குப் பிறகு அவன் வீட்டில் குழம்பு என்று ஒன்று கொதித்ததாக எனக்குத் தெரியவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு பாஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பினேன்.

எங்கள் நால்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். மதுரைக்காரன் மோகனும் விழுப்புரத்துக்காரனான நானும் மண்ணூர்பேட்டையில் ஒரு அறையில் தங்கியிருந்தோம். தனசேகருக்கு அதே தெருவில் சொந்த வீடு. பாஷா பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருவான். இப்போது பூந்தமல்லியிலேயே கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறான். மற்ற மூவரும் ஓய்வு பெற்றாயிற்று. “ஒரு நாள் போட்ல போய் நண்டு புடிக்கணும்டா” என்று அறையில் பேச ஆரம்பித்து, கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

இந்த ஞாயிறு தள்ளாமல் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. மோகனின் மகன் புனேயில் வேலை பார்க்கிறான். வேப்பம்பட்டு வீட்டை விற்றுவிட்டு அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். வீட்டை வாங்க ஆளும் வந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள முடிவு சொல்லுப்பா” என்று மகன் கெடு வைத்திருந்தான். மோகனுக்குப் போக மனமில்லை என்று எங்கள் மூவருக்கும் தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவனுக்குத் தெரியாமல் நாங்கள் போனில் பேசிக்கொண்டோம். படகில் வைத்து, “போகாதே, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லிவிடுவதென்று ஏற்பாடு. சொல்ல வேண்டியது தனசேகர். எங்களில் வாய் நீளம் அவனுக்குத்தான்.

கள்ளிக்குப்பம் வழியாகச் செங்குன்றம் போய், கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஞாயிறு காலையிலும் லாரிகளுக்குக் குறைவில்லை. காரனோடையில் டீ குடிக்க நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய், அந்த விலைக்கு அது அவ்வளவு மோசமில்லை. கிளாஸை ஊதிக்கொண்டே மோகன்தான் பேச்சை எடுத்தான்.

“வீட்டுக்கு ஒருத்தன் அட்வான்ஸ் குடுக்கிறேங்கிறான். என்னடா சொல்றீங்க?”

நான் தனசேகரைப் பார்த்தேன். அவன் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே, “நல்ல வெல வந்தா உட்டுடாத மாமே. வேப்பம்பட்ல இன்னா கீது? கொசு கீது. புனேல குளுகுளுன்னு இருக்கும். பேரன இட்டுகினு பார்க்குக்குப் போ, கூலிங் கிளாஸ் போட்டுக்கோ. எவனாவது உன்னத் தாத்தான்னு கூப்ட்டா கேஸ் போடு” என்றான்.

மோகன் சிரித்தான். பாஷாவும் சிரித்தான். கடைக்குப் பின்னால் கை கழுவப் போன தனசேகரைப் பிடித்து, “என்னடா இது, நீதானே சொல்றேன்னே?” என்று கடிந்துகொண்டேன்.

“டீக்கடையிலயா மச்சான் சொல்றது? போட்ல ஏறட்டும். எடம் பொருள் பாக்க வேணாமா?”

தச்சூர் கூட்டுச் சாலையில் வலப்புறம் திரும்பி, பொன்னேரியைக் கடந்த பிறகு பாதை அமைதியாகிவிடுகிறது. இருபுறமும் வயல், பிறகு உப்புத் தரை, பிறகு தண்ணீர். அம்பத்தூரிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். டீக்கு நின்றதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் பழவேற்காட்டில் இருந்தோம்.

அங்கே சுற்றுலாவுக்கென்று படகு விடக்கூடாது என்று தடை இருக்கிறது. பழைய விபத்துகளின் காரணமாக வந்த தடை. கரையில் வந்து கூப்பிடுகிறவர்கள் பின்னால் போய்விடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். பாஷாவின் மச்சினன் அந்த ஊர்க்காரர். அவருக்குத் தெரிந்த மீனவர் ஏழுமலை, தன் வலை வேலைக்குப் போகும்போது எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். முகத்துவாரப் பக்கம் போக மாட்டேன், இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட மாட்டேன், மிதவைச் சட்டையைக் கழற்றினால் திருப்பிவிடுவேன் என்று மூன்று நிபந்தனை. அவருடைய அரை நாள் உழைப்புக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசி, நண்டு இரைக்கு அறுபது ரூபாய்க்கு மீன் தலை வாங்கிக்கொண்டு ஏறினோம்.

ஒன்பது மணிக்கு ஏரி பளபளவென்று கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. வெள்ளையும் ரோஜா நிறமுமாக நிற்கும் அவற்றைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். ஏழுமலை கொஞ்ச தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கழியை ஊன்றித் தள்ளிப் போனார். நண்டு பிடிக்கும் முறை எளிது. ஒரு முழ அகல இரும்பு வளையம், அதில் பை மாதிரித் தொங்கும் வலை, நடுவில் மீன் தலை, மேலே கயிறும் மிதப்பதற்கு ஒரு தக்கையும். வளையத்தைத் தரைவரை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நண்டு தின்ன வந்து உட்காரும் நேரத்தில் மளமளவென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் அது பாட்டுக்கு இறங்கிப் போய்விடும்.

முதல் சுற்றில் எல்லா வளையங்களும் காலி. பாஷா, “நம்ம மூஞ்சியப் பாத்துட்டுதான் நண்டெல்லாம் ஆந்திரா பக்கம் போயிடுச்சு” என்றான். இரண்டாவது சுற்றில் அவன் வளையத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேற்று நண்டு வந்தது. குதூகலத்தில் வலையை மடியில் கவிழ்த்துவிட்டான். அது அவன் கால்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. பாஷா போட்ட கூச்சலுக்குப் பூநாரைகளே இரண்டடி நகர்ந்திருக்கும். ஏழுமலை வந்து அதைப் பிரித்தெடுத்து, காலால் அமுக்கி, நைலான் கயிற்றால் இரண்டு கொடுக்குகளையும் மடித்துக் கட்டிப் பானைக்குள் போட்டார்.

மோகனுக்குக் கை வந்தது. எந்தக் கயிறு கனக்கிறது என்பதை விரலாலேயே கண்டுகொண்டான். இழுத்த இழுப்புக்கு நண்டு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும், “பெருசுடா! பாத்தியா?” என்று எங்கள் பக்கம் திரும்பிக் காட்டினான். வசந்தா போன பிறகு அந்த முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. பானையில் சரசரவென்று சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஈரத்துணி போட்டு மூடினான்.

“ராத்திரிக்குத் தாராளமா இருக்கும்” என்றான். “தேங்கா மட்டும் வாங்கணும்.”

நான் தனசேகரின் முழங்கையை இடித்தேன். அவன் இரையைக் கட்டிக்கொண்டே, “புனேல நண்டு கெடைக்குமா மாமே? கெடைக்காது. வடா பாவ்தான். வாரத்துல ஏழு நாளும் வடா பாவ்” என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏழுமலை கழியை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். “புனேக்கா போறீங்க சார்? எத்தினி நாளைக்கு?”

“ஒரேடியாப் போறதுதான். மகன் கூப்பிடுறான்” என்றான் மோகன்.

“இன்னாத்துக்கு சார்? சேக்காளிங்க எல்லாம் இங்க கீறாங்க. காத்தால எழுந்து பேசறதுக்கு ஆள் வேணாமா? போவாதீங்க சார்” என்றார் ஏழுமலை.

மோகன் கையில் இரை கட்டிய வளையம் இருந்தது. அதைத் தண்ணீரில் இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, தனசேகரைப் பார்த்தான், பாஷாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நாங்கள் வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த இடமும் பொருளும் அதுதான். “ஆமாண்டா, போகாதே” என்றால் போதும். என் தொண்டை வரை வந்தது. தனசேகர்தானே சொல்லப்போகிறான், நடுவில் நாம் ஏன் புகுந்து கெடுப்பது என்று இருந்துவிட்டேன்.

“யோவ், நீ வேற!” என்றான் தனசேகர். “அவன் போனாதான்யா எங்களுக்கு புனேல தங்கறதுக்கு ஒரு ஊடு கெடைக்கும். இல்லாங்காட்டி லாட்ஜுக்கு யார் துட்டு குடுக்கறது?”

பாஷா வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், இரண்டு பேரைவிடவும் சத்தமாக. மோகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வளையத்தைத் தண்ணீரில் விட்டான். அதற்குப் பிறகு அவன் கயிற்றில் நண்டு வந்தபோது எங்கள் பக்கம் திரும்பிக் காட்டவில்லை.

பகல் ஒரு மணிக்குக் கரையேறி, பாஷாவின் மச்சினன் வீட்டில் சாப்பிட்டோம். பானையிலிருந்து கொஞ்சத்தை எடுத்து, அவர் மனைவி மிளகு தூக்கலாக ஒரு வறுவல் செய்துகொடுத்தார். அப்படியொரு நண்டை நான் எந்த ஓட்டலிலும் தின்றதில்லை. “இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணே?” என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். மோகனும் நன்றாகவே சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தோம். வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான் என்றாலும் எனக்கு அன்று எதிலும் மனம் ஒட்டவில்லை. தனசேகரைத் தனியாகப் பிடித்தேன்.

“சொல்லிடலாம் மச்சான்” என்றான். குரல் இறங்கியிருந்தது. “எனுக்கு வாய்ல வரமாட்டேங்குது. சீரியஸா பேசுனா அழுதுடுவேன் போலக் கீது. நீ சொல்லேன்.”

நான் பாஷாவிடம் போனேன். “நீயும் அவனும் ஒண்ணா ரூம்ல இருந்தவங்க. நீ சொன்னாதான் மரியாதையா இருக்கும்” என்று பாஷா என்னிடமே திருப்பிவிட்டான்.

திரும்பும் வழியில் பொன்னேரி வரைக்கும் நான் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே ஓட்டினேன். பின் சீட்டில் மோகன் கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறவனை எழுப்பிச் சொல்வானேன் என்று செங்குன்றம் வரை ஓட்டினேன். செங்குன்றத்தில் நெரிசல். தேங்காய் வாங்க நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “வேணாம்டா” என்றான். அவன் தூங்கியிருக்கவில்லை.

ஐந்தரைக்கு அம்பத்தூர் ரயில் நிலையம். பானையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

“பானை?” என்றேன்.

“நீயே எடுத்துட்டுப் போ. வீட்ல எல்லாரும் சாப்பிடுங்க. எனக்கு அசதியா இருக்கு, இன்னிக்கு வேணாம்.”

நானும் இறங்கினேன். அவனோடு படிக்கட்டு வரை நடந்தேன். அங்கே நின்று, “ஒண்ணு கேக்கவா?” என்றான். “திடீர்னு இந்த வாரம் எதுக்குடா கூட்டிட்டுப் போனீங்க?”

“சும்மாதாண்டா. ரொம்ப நாளாச்சே, எல்லாரும் சேர்ந்து போகலாம்னுதான்.”

“ம். நான் வேற என்னமோ நெனச்சேன்” என்றான். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியேறிப் போனான். மேலே போய்த் திரும்பிக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

வீட்டில் மனைவி பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “மோகன் அண்ணன்கிட்ட பேசினீங்களா?” என்று கேட்டாள். நாள் பூராவும் பேசினோம் என்றேன். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

எட்டு மணிக்கு எங்கள் நால்வரின் வாட்ஸப் குழுவில் மோகனின் செய்தி வந்தது. “பையன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் கிளம்புறேன். இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.” நான் “போகாதடா” என்று எழுதினேன். அனுப்புவதற்குள் பாஷாவின் கட்டைவிரல் படம் வந்தது. அதன் கீழே தனசேகர், “சூப்பர் மாமே, புனே ஊட்ல எனுக்கு ஒரு கட்டில் போட்டு வை” என்று எழுதினான். நான் எழுதியதை அழித்துவிட்டு, ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.

பழவேற்காட்டுக்குப் போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். தண்ணீரும் பறவைகளும் இருக்கும், வெயில் அவ்வளவு உறைக்காது. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். அம்பத்தூரிலிருந்து வழி நன்றாகவே இருக்கிறது, நாங்கள் அலுங்காமல் போய் வந்தோம். அந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டரும் போய், ஏரி நடுவில் உட்கார்ந்து நாங்கள் சொல்லாமல் வந்ததைச் சொல்ல, வேப்பம்பட்டுக்கு அம்பத்தூரிலிருந்து ரயிலில் அரை மணி நேரமே போதும். அன்றைக்கு எட்டு மணிக்கு மேலும் ரயில் இருந்தது. நான் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அவன் பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.